இரண்டு படகும் ஒரு திருகு மூடியும்

ஆனி 9, திங்கட்கிழமை

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா தீர்த்தம்மாள் எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை நவநீதனும் அதேபோல் இருக்க நம் ஊர் மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். உடம்புக்கு என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்கு இப்படிப் பக்கம் பக்கமாக எழுதி அயர்லாந்துக்குத் தபால் போடுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ முந்திக்கொண்டு அழுதுவிடுவாய், அப்புறம் நான்தான் உன்னைத் தேற்றிக்கொண்டிருக்க வேண்டும், உன் அப்பாவும் பக்கத்திலேயே உட்கார்ந்து நடு நடுவே தலையை நீட்டுவார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நீ நர்சிங் படித்தபோது மிச்சம் வைத்த நோட்டில்தான் எழுதுகிறேன். முன்பக்கத்தில் நீ வரைந்த இதயப் படம் இருக்கிறது, நான்கு அறைக்கும் பேர் எழுதி அம்புக்குறி போட்டு. கோபத்தில் இருந்தாலும் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை இரண்டு தூறலோடு போய்விட்டது, அணைத் தண்ணீர் இறங்கிக் கரை இன்னும் அரை மைல் தள்ளிப் போயிருக்கிறது, பரிசலுக்குப் போக வெயிலில் சேற்றைத் தாண்டி நடக்க வேண்டியிருக்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்றுதான் பிழைத்தது. உன் சென்னப்பன் மாமா பாப்பிரெட்டிப்பட்டியில் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள், நான் மட்டும் பஸ்ஸில் போய் வந்தேன், உன் அப்பாவுக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார். என்ன வேலை என்று எனக்கு அப்போது தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும். நீ நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் கால் வீங்குகிறது என்றாயே, படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொள், நல்லெண்ணெயை லேசாகச் சூடு பண்ணிக் கெண்டைக்காலில் தேய்த்துவிடு. மாப்பிள்ளையைத் தேய்த்துவிடச் சொல், ஒன்றும் தேய்ந்துபோக மாட்டார்.

இனிமேல் படகு விஷயம். சித்திரையில் உன் அப்பா பேச்சை எடுத்தார், பரிசல் மூங்கில் இளகிவிட்டது, வருசா வருசம் தார் பூசியே நம் ஆயுசு போகிறது, பாப்பா காசு அனுப்புகிறேன் என்று சொல்கிறது, பழைய அலுமினியப் படகு ஒன்று பார்ப்போம் என்று. ஃபைபர் படகு வேண்டாம், தண்ணீர் வற்றும்போது தலை நீட்டுகிற பட்ட மரமும் பாறையும் அதைக் கிழித்துவிடும், அலுமினியம் என்றால் நசுங்கும், ஆனால் சட்டென்று உடையாது என்று அவரே விசாரித்து வைத்திருந்தார். இரண்டு படகு விலைக்கு இருக்கிறது, ஒன்று இண்டூரில் வெங்கடாசலம் தோட்டத்தில், இன்னொன்று பென்னாகரத்தில் பழைய இரும்பும் இன்ஜினும் விற்கிற நசீருதீன் கொட்டகையில். அதற்கப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "நீயே பாத்துச் சொல்லு தீர்த்தா, தண்ணியில எது எப்படிப் போகும்னு உனக்குத்தான் தெரியும், நீ கைய வெக்கிற படகைத்தான் வாங்கறது." கல்யாணம் ஆன இத்தனை வருசத்தில் என்னை இப்படிக் கேட்டு ஒரு பொருள் வாங்கியதில்லை, நம் வீட்டு மிக்ஸிகூட அவர் வாங்கி வந்ததுதான். நான் அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நம் துறையில் புருசன் பெண்டாட்டி போகிற பரிசலில் பெண்டாட்டிதான் துடுப்பு போடுவாள், புருசன் வலை விடுவான், எடுப்பான். உன் அப்பாவுக்கு மீன் தெரியும், வலைக்கண்ணி தெரியும், எந்த மடுவில் கட்லா ஒதுங்கும் என்று தெரியும். காற்று திரும்புவதும் நீரோட்டம் இழுப்பதும் எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருசம் அவர் என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார், நான் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு துடுப்பு போட்டேன். மீனவர் சங்கத்தில் என்னை உறுப்பினராகச் சேர்த்து அட்டை கொடுத்தபோது நீ ஆறாவது படித்தாய், அதை ஊரெல்லாம் காட்டிவிட்டு, தருமபுரிக்குப் போய் லேமினேஷன் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சாப்பிடாமல் அடம் பிடித்தாய். இன்னும் அது பெட்டியில் மடிப்புக்கூட விழாமல் இருக்கிறது.

போன வாரம் முதலில் இண்டூர்ப் படகைப் பார்த்தோம். வெங்கடாசலம் பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கிறேன் என்று வாங்கி, குட்டை வற்றியதும் மாட்டுக்கொட்டகை ஓரம் கவிழ்த்து வைத்திருக்கிறார். பன்னிரண்டு அடி, அடிப்பாகம் தட்டை, அகலம் அதிகம், பார்வைக்கு அழகில்லை, ஒரு பக்கம் மாடு உதைத்தது போல் நசுங்கல். உன் அப்பா வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நசுங்கல் நசுங்கல் என்றார். எனக்குப் படகு வாங்கிப் பழக்கமில்லை, அலுமினியச் சட்டி வாங்கிப் பழக்கம் உண்டு. சந்தையில் சட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பார்ப்போமே, ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் புள்ளியாகத் தெரியுமே, அதைத்தான் செய்தேன். படகைத் தூக்க முடியாது, அதனால் நான் அதற்கு அடியில் ஊர்ந்து போய் மல்லாந்து படுத்துக்கொண்டேன். உள்ளே கும்மிருட்டு, சாணி வாசம், வேர்வை ஊற்றியது, ஆனால் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. அப்புறம் நிமிர்த்திப் போட்டு உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன், அடியில் தரை நனையவில்லை. பின்பக்கம் மோட்டார் மாட்டுகிற பலகையில் ஊக்கால் குத்திப் பார்த்தேன், மரம் உளுத்துப்போகவில்லை. உள்ளே ஏறி ஒரு ஓரத்தில் நின்று ஆட்டினேன், பரிசல் மாதிரியே அகலமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நடுவில் வலையைக் குவிக்க இடம் இருந்தது. வெங்கடாசலம் சிரித்துக்கொண்டே, "இத்தனை பேர் வந்து பாத்தாங்க, படகுக்குள்ள படுத்துப் பாத்தது நீங்க ஒருத்தருதாங்க" என்றார். உன் அப்பா சிரிக்கவில்லை, செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று மாலை நீ போன் பண்ணினாய். என்னம்மா, படகு பார்க்கப் போனீங்களா, எப்படி இருந்தது என்று எவ்வளவு ஆசையாகக் கேட்டாய். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டே காட்டினேன், இது நான் உட்காரும் இடம், இது அப்பா, இது வலை, இந்தப் பக்கம் மீன் பெட்டி என்று. உனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டாய், நசீருதீன் படகையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன், இரண்டையும் பார்க்காமல் சொல்வது நியாயமில்லை என்றேன். நீ சரிம்மா, பொறுமையா பாரு, உனக்கு எது தோதோ அதுதான் என்றாய். போனை வைத்த பிறகு இதயப் படம் ஒன்றும் அனுப்பினாய். அரை மணி நேரம் பேசினேன் கோகிலா. அந்த அரை மணி நேரத்தில் ஒரு நிமிசம்கூட உன் குரல் தடுமாறவில்லை.

வியாழக்கிழமை பென்னாகரம் போனோம். அந்தப் படகு பார்க்க நன்றாகத்தான் இருந்தது, யாரோ ரிசார்ட்காரர்கள் விற்றதாம், பதினான்கு அடி, மூக்கு கூராக, உடம்பு ஒடுக்கமாக, பின்னால் சின்ன மோட்டாரோடு. ஒருவர் பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்துக்கொண்டு விர்ரென்று போகலாம். முன்னால் உட்காருகிற பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள், பெட்டி வைக்கத் தோதாக இருக்கும் என்று உன் அப்பா சொன்னார். ஏறி ஓரத்தில் கால் வைத்தால் அந்தப் பக்கமே சாய்ந்தது. வலை விட்டிருக்கிற இடத்தில் மோட்டார் விசிறி சுற்றினால் வலை என்ன ஆகும் என்று கேட்டேன், தூக்கிவிட்டுத் துடுப்பு போட்டுக்கொள்ளலாம் என்றார். யார் போடுவது, நீங்கள் வலை எடுப்பீர்களா துடுப்பு போடுவீர்களா என்றேன், அவர் மோட்டாரைத் தடவிப் பார்க்கப் போய்விட்டார். படகுக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டையும் அதற்குப் பித்தளையில் ஒரு திருகு மூடியும் இருப்பதை நசீருதீன் கழற்றிக் காட்டினார், தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் இதை மறந்தால் படகு குளிக்கப் போய்விடும் என்றார்.

படகு முழுக்கக் கிரீசும் புழுதியும். அழுக்குக்கு அடியில் எம்-சீல் வைத்து ஓட்டையை அடைத்திருந்தாலும் தெரியாது, சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் பார்ப்பேன் என்றேன். எதுக்கு, அவரு பொய் சொல்வாரா என்று உன் அப்பா பதறினார். நசீருதீன் மனைவி அஸ்கரி பேகம் நல்ல மனுசி, துணி சோப்பும் நாரும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். பின்னாலிருந்து தேய்த்துக்கொண்டே வந்தேன். படகின் மூக்குக்கு வந்து நுரை பட்டதும் அந்த இடம் மட்டும் சிவந்தது. ரத்தச் சிவப்பில் மூன்று விரல் கோடு, நடுவில் ஒரு வட்டம், ஆணித் தலைகளுக்கு இடையில் தெளிவாக எழுந்து வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் தேய்த்தேன், மறுபடியும் சிவந்தது. மஞ்சள் பூசி வெறும் தண்ணீரில் கழுவினால் கண்ணுக்குப் போனது போல் இருக்கும், கீறலிலும் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். இது நம் வீட்டில் ஒரு துணி துவைத்தவருக்குத் தெரியும். உன் அப்பா ஒருநாளும் துவைத்ததில்லை.

உன் அப்பாவின் குணம் உனக்குத் தெரியும், காசு கொடுத்து ஒன்றைத் தன்னுடையது ஆக்கிவிட்டால் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைக்காமல் அவருக்குக் கை நிற்காது. உனக்கு வாங்கிய ஸ்கூட்டிக்கு ஷோரூம் வாசலிலேயே வைத்தார், வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தபோது குட்டியானை வண்டியில் இருந்து இறக்குவதற்கு முன்னாலேயே வைத்தார். வாங்காத பொருளுக்கு ஒருநாளும் வைக்க மாட்டார். நான் நாரைக் கீழே போட்டுவிட்டு நசீருதீனைப் பார்த்து, இந்தப் படகுக்கு யாரோ ஏற்கெனவே பூஜை போட்டுவிட்டார்களே என்றேன். அந்த மனுசனுக்கு முகம் வெளிறிவிட்டது. "அக்கா, என்னைத் தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் பத்து நாளைக்கு முன்னாடியே வந்து பேசி முடிச்சுட்டாருங்க. நீங்க வரப்ப புதுசா பாக்கற மாதிரியே இருக்கணும்னு கேட்டுக்கிட்டாரு, எனக்கு மனசே ஒப்பலீங்க" என்றார். பத்து நாளைக்கு முன்னால் என்றால் நான் பாப்பிரெட்டிப்பட்டியில் பால் காய்ச்சப் போயிருந்த நாள். இண்டூரில் நான் சாணித்தரையில் மல்லாந்து படுத்து ஓட்டை தேடியபோது இந்தப் படகு நம்முடையதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. அஸ்கரி பேகம் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார், அழுக்குக் கையைக் கழுவ வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஏரியூர் தாண்டிய பிறகு வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலே, "பாப்பாதான் சொல்லுச்சு. உன்ன இனிமே தண்ணியில ஏத்தக் கூடாதாம். நேரா சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு, ஒருத்தர் மட்டும் போற படகா பாத்து வாங்கச் சொல்லுச்சு. உன்னையும் கேட்ட மாதிரி இருக்கட்டும்னுதான் இதெல்லாம்" என்றார். கேட்ட மாதிரி. இந்த வார்த்தையை ஐந்து நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். அவர் செய்ததுகூட எனக்கு வலித்து அடங்கிவிடும் போல் இருக்கிறது, அவர் ஒளிப்பதும் நான் கண்டுபிடிப்பதும் எங்களுக்குள் பழகியதுதான். நீ என் பக்கம் என்று நினைத்திருந்தேன். நான் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டு, அதில் நான் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, அப்படி ஒரு இடமே இருக்கப் போவதில்லை என்று தெரிந்தும் நீ தலையாட்டினாயே. அங்கே ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கேட்காமல் ஒரு ஊசிகூடப் போடக் கூடாது, தொண்ணூறு வயசுக் கிழவியானாலும் விளக்கமாகச் சொல்லி அவள் சரி என்ற பிறகுதான் தொடுவோம் என்று நீயே எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். அந்தக் கிழவிக்குக் கொடுத்ததை உன் அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம். எனக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது. அம்மா, நீ இனிமே தண்ணிக்குப் போக வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், ஆனாலும் என்னிடம் சொன்னாய் என்று இருந்திருக்கும்.

உனக்குப் பயம் வந்தது எதனால் என்று எனக்குத் தெரியும். ஐப்பசியில் நான் பரிசலில் இருந்து விழுந்து தோள் பிசகியதாக உன்னிடம் சொன்னது. அதைத்தான் இப்போது எழுத வேண்டும், எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்றைக்கு விழுந்தது நான் இல்லை கோகிலா, உன் அப்பா. பட்ட மரத்தில் வலை மாட்டிக்கொண்டது, உட்கார்ந்தே எடுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல எழுந்து நின்று இழுத்தார், காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியது, தலைகுப்புறப் போய்விட்டார். அவருக்கு நீச்சல் தெரியும்தான், வலை இரண்டு காலையும் சுற்றிக்கொண்டால் எந்த நீச்சல் உதவும். இரண்டு தடவை உள்ளே போனார். மூன்றாவது தடவை மேலே வந்தபோது துடுப்பை நீட்டினேன், பிடித்துக்கொண்டார், பரிசல் கவிழாமல் இருக்க முழங்காலை மூங்கிலில் ஊன்றிக்கொண்டு ஒரே கையால் இழுத்தேன். அப்போதுதான் தோளில் ஏதோ அறுந்தது போல் இருந்தது. கரைக்கு வந்ததும் துறையில் நின்ற நாலைந்து பேர் ஓடிவந்து என்ன ஆச்சு என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, தீர்த்தா தடுமாறிட்டா, நான் குதிச்சுத் தூக்கினேன் என்றார். அவரை இழுத்து ஏற்றியதில் நானும் தெப்பமாக நனைந்திருந்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருசம் தண்ணீரில் இருந்தவர் தன் வலையிலேயே சிக்கிக்கொண்டார் என்று நாளைக்குத் துறையில் பேசுவார்களே என்ற பயம் அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. நான் ஆமாம் என்றேன். சாயங்காலம் போனில் உன்னிடமும் அவர் அதையே சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அதற்கும் ஆமாம் என்றேன். அதனால் பொய் சொன்னவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது, மறுக்கவில்லை. அவர் மானத்துக்காக எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதை வைத்தே என்னைக் கரையில் ஏற்றிவிட்டார்கள்.

நீ அந்த யோசனையைச் சொன்னபோது, விழுந்தது நான்தான் பாப்பா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஓரத்தில் கால் வைத்தால் சாய்கிற படகில், இன்னும் மூன்று வாரத்தில் அடிக்கப் போகிற ஆடிக் காற்றில் தனியாகப் போகச் சம்மதித்திருக்கிறார். அவருக்கே பயம்தான், நான் பார்க்கிறேனே, வெள்ளிக்கிழமை படகு வந்து இறங்கியதிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார், ஏற மாட்டேன் என்கிறார். நீ அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று செய்த ஏற்பாட்டில் உன் அப்பாவுக்குத் துடுப்பு நீட்ட ஆள் இல்லாமல் போகிறது. இதை உன்னைக் குத்துவதற்கு எழுதவில்லை, குத்தினாலும் பரவாயில்லை என்றுதான் எழுதுகிறேன்.

இப்போதைக்குப் பரிசல் இருக்கிறது. சனிக்கிழமை நானே தார் காய்ச்சிப் பூசினேன், தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விடிந்ததும் இரண்டு பேரும் போகிறோம், நான் துடுப்பு போடுகிறேன், அவர் வலை எடுக்கிறார், எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. நேற்று ஏழு கிலோ கட்லா, கொஞ்சம் ஜிலேபி மீன். புதுப் படகு புளிய மரத்தடியில் நிற்கிறது. அதன் பித்தளைத் திருகு மூடியைக் காணோம். உன் அப்பா சனிக்கிழமையிலிருந்து தேடுகிறார், படகுக்கு அடியில், வண்டிப் பெட்டியில், ஆட்டுக்கொட்டகையில், அரிசி டப்பாவில்கூடக் கையை விட்டுப் பார்த்தார். என்னிடம் நேராகக் கேட்க முடியாமல், இங்கதானே வெச்சேன் என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். கட்டையைச் சீவித் துணி சுற்றி அடைக்கலாம்தான், ஆனால் அதை நம்பித் தண்ணீரில் இறங்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நசீருதீனிடம் வேறு மூடி கேட்டுப் போன் பண்ணினார், இந்த அளவுக்குக் கிடைக்காது, சொல்லிவைத்திருக்கிறேன், ஆவணி ஆகும் என்று அவர் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லச் சொன்னது நான். ஒரு தடவை எனக்கு எதிராக நடித்தவர், இன்னொரு தடவை எனக்காக நடிக்கட்டுமே என்றேன், உடனே ஒப்புக்கொண்டார்.

அந்த மூடி இந்தக் கடிதத்தோடு வருகிறது. என் பழைய பச்சைச் சேலைத் துணியில் சுற்றித் தைத்திருக்கிறேன், கனமாக இருப்பதால் பதிவுத் தபாலில் போடுகிறேன், தபால்காரர் கேட்டால் மகளுக்கு ஒரு சாமான் என்று சொல்லிக்கொள்கிறேன். நீ அதைத் திருப்பி அனுப்பாதே. ஆவணியில் லீவுக்கு வரும்போது கையோடு கொண்டு வா, அதற்குள் ஆடிக் காற்றும் அடங்கிவிடும். வருவதற்கு முன்னால் ஒருநாள் அப்பாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ஐப்பசியில் என்ன நடந்தது என்று கேள். நான் சொல்லிவிட்டேன் என்று சொல்லாதே, அவர் வாயாலேயே வரட்டும். வெட்கத்தை விட்டு அவர் சொல்லிவிட்டால், அந்த மூடியைக் கொண்டு போய் நசீருதீன் கையில் கொடுத்துப் படகையும் திருப்பிக் கொடுப்போம், எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். வெங்கடாசலம் இண்டூர்ப் படகை ஆவணி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார், நான் பேசிவிட்டேன். உன் அப்பா கடைசிவரை சொல்லவில்லை என்றால் மூடி உன் கையில் இருக்கிறது, அப்பாவைத் தனியாக அனுப்புவதா வேண்டாமா என்று நீயே முடிவு பண்ணு. இந்தத் தடவை எல்லாம் தெரிந்து முடிவு பண்ணு.

இதைப் படித்துவிட்டு அழுவாய், அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு சாப்பிடு, சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. மாப்பிள்ளையிடம் காட்டினாலும் எனக்கு ஒன்றும் இல்லை. உன்மேல் கோபம் இருக்கிறது, அது இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், நீ வந்து என் எதிரில் உட்காரும்போது மிச்சம் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்வோம். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல், நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும். காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே. நான் கடிதம் போட்டது அப்பாவுக்குத் தெரியாது, போனில் அவர் கேட்டால் ஒன்றும் தெரியாதது போலவே பேசு, அது உனக்கு நன்றாக வரும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. தீர்த்தம்மாள்
மீனவர் சங்க உறுப்பினர் எண் 87